வெட்டவெளியில் ஏன் வரிசையாக நின்றார்கள்?

அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா மகன் வேலூர் சத்துவாச்சாரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பு, வயது 15. எனக்குப் பிடித்த ஒரு பழைய போர்ப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஊர்ப் பொதுவெளியில் விவசாயிகள் வரிசையாக நிற்கிறார்கள், எதிரே சிவப்புச் சட்டைப் படை வந்து அதேபோல வரிசையாக நிற்கிறது. பையன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இன்னாத்துக்கு மாமா இப்படி வெட்டவெளியில நிக்கிறாங்க? மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு சுடக்கூடத் தெரியாதா?"

இதே கேள்வியைப் பெரியவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காலத்து ஆளுங்க, வீரம்னா நெஞ்சை நிமிர்த்தி நிக்கணும்னு நினைச்சாங்க" என்று ஒரு பதில் சொல்வார்கள். "தளபதிகளுக்கு மூளை இல்லை" என்பது இன்னொரு பதில். இரண்டுமே தவறு. அந்த வரிசைக்குத் தெளிவான காரணம் உண்டு, அது அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால், 18ஆம் நூற்றாண்டுப் போரைக் காட்டும் எந்தப் படமும் பாதிதான் புரியும்.

எந்தப் படம், என்ன கதை

படத்தின் பெயர் 'ஏப்ரல் மார்னிங்'. 1988-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. ஹோவர்ட் ஃபாஸ்ட் 1961-ல் எழுதிய நாவலை டெல்பர்ட் மான் இயக்கினார். அப்பாவாக டாமி லீ ஜோன்ஸ், 15 வயது மகன் ஆடமாக சாட் லோ. தியேட்டருக்கு வராத படம் என்பதாலோ என்னவோ, நம் பக்கம் இதைப் பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

1775 ஏப்ரல் 19, விடியற்காலை. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய நாள். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாசசூசெட்ஸில் லெக்சிங்டன் என்ற சிற்றூர். பக்கத்து ஊரான கான்கார்டில் ஊர்க்காரர்கள் பதுக்கி வைத்திருக்கும் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ஏறக்குறைய 700 பிரிட்டிஷ் வீரர்கள் அந்த வழியாக வருகிறார்கள். கேப்டன் ஜான் பார்க்கர் தலைமையில் ஊர்க்காரர்கள் 77 பேர் பொதுவெளியில் திரண்டு நிற்கிறார்கள். இவர்கள் சம்பளம் வாங்கும் சிப்பாய்கள் கிடையாது. இப்படி ஆபத்துக் காலத்தில் சொந்தத் துப்பாக்கியோடு வந்து நிற்கும் ஊர்க்காரர் கூட்டத்துக்கு மிலிஷியா என்று பெயர். நாம் ஊர்ப்படை என்று வைத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸில் 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் அதில் சேர வேண்டும் என்பது சட்டம். அந்த வயதை இன்னும் எட்டாத ஆடமும் அப்பாவின் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

முதல் குண்டைச் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. சில நிமிடங்களில் ஊர்க்காரர்களில் 8 பேர் செத்தார்கள், 10 பேருக்குக் காயம். படத்தில் ஆடமின் அப்பா அங்கேயே விழுகிறார். பையன் ஓடுகிறான். அவன் ஓடுவதைப் படம் இகழவில்லை. எனக்கு இந்தப் படம் பிடிப்பதே அதனால்தான்.

கோலிக்குண்டும் பிவிசி பைப்பும்

சரி, துப்பாக்கிக்கு வருவோம். அன்றைய சிப்பாயின் கையில் இருந்தது மஸ்கட். உட்புறம் வழவழவென்று இருக்கும் நீளமான இரும்புக் குழல். அதன் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. கோயில் திருவிழாவில் வேட்டுப் போடுகிறவர் குழலில் மருந்து போட்டுக் கெட்டிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

பிரிட்டிஷ் மஸ்கட்டின் குழல் விட்டம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். உள்ளே போடும் குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர்தான். குழலைவிடக் குண்டு சின்னது. அது வேண்டுமென்றே செய்தது. நாலு முறை சுட்டதும் குழலுக்குள் கரி படிந்துவிடும், இறுக்கமான குண்டு என்றால் உள்ளே இறங்காது.

மொட்டைமாடியில் கிடந்த பிவிசி பைப் துண்டில் ஒரு கோலியைப் போட்டுப் பையனை ஊதச் சொன்னேன். டக் டக் டக்கென்று இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு வந்து வெளியே விழுந்தது. ஐந்து முறை ஊதினான். ஐந்தும் ஐந்து பக்கம் போயின. கடைசியாக எந்தப் பக்கச் சுவரில் இடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் கோலி போகும். மஸ்கட் குண்டும் அப்படித்தான் வெளியே வந்தது. எவ்வளவு நன்றாகக் குறி பார்த்தாலும் 90 மீட்டர் தூரத்தில் ஒற்றை ஆளைச் சுட்டு வீழ்த்துவது அதிர்ஷ்டம்தான்.

குழலுக்குள் திருகுபோல வரி வெட்டிய ரைஃபிள் அப்போதே இருந்தது, நன்றாகக் குறி விழும். ஆனால் குண்டை அடித்து இறக்குவதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். அதன் முனையில் கத்தியும் பொருத்த முடியாது. அதனால் அது சில வேட்டைக்காரர்களிடமும் தனிப்பிரிவுகளிடமும் மட்டும் இருந்தது.

ஒரு கல்லா, இருபது கல்லா

மாந்தோப்பில் உயரத்தில் ஒரு கொத்து தொங்குகிறது. ஒரு பையன் ஒரு கல் எறிந்தால் விழாது. இருபது பேர் ஒரே நேரத்தில் அந்தக் கொத்தைப் பார்த்து எறிந்தால் ரெண்டு மூணு காயாவது விழும். எந்தக் கல்லில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வரிசையின் முதல் காரணம் இதுதான். குறி விழாத 200 துப்பாக்கிகளைத் தோளோடு தோள் நெருக்கி வைத்து, ஒரே சொல்லில் ஒன்றாகச் சுட வைத்தால், எதிரே ஈயமழை பெய்யும். இப்படி எல்லோரும் ஒரே கணத்தில் சுடுவதை வாலி என்பார்கள், கூட்டுச்சூடு என்று சொல்லலாம். எதிரி ஒருவனைக் குறிவைத்துச் சுடுவது இல்லை அது. எதிரே நிற்கும் கூட்டத்தை நோக்கிச் சுடுவது. ஆளுக்கொரு மரத்தின் பின்னால் நின்று அவரவர் நேரத்துக்குச் சுட்டால், அந்தத் துப்பாக்கியை வைத்துப் பெரிய படையை நிறுத்த முடியாது.

இதுவரை பார்த்தது: தனியாகச் சுட்டால் மஸ்கட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஒன்றாகச் சுட்டால் ஆகும். ஒன்றாகச் சுட, ஒன்றாக நிற்க வேண்டும்.

இருபது விநாடி

இரண்டாவது காரணம் நேரம். மஸ்கட்டில் ஒரு முறை சுட என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குத் தோட்டா என்று பெயர். அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து போட்டு மூட வேண்டும். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, மீதி மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் திணிக்க வேண்டும். கெட்டிக்கும் கோலை உருவி, குத்தி இறக்கி, மறுபடி அதை இடத்தில் சொருக வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிச் சக்கிமுக்கிக் கல் பிடித்திருக்கும் கொக்கியைப் பின்னால் இழுத்து, நீட்டி, விசையை அழுத்த வேண்டும். கல் இரும்பில் உரசித் தீப்பொறி கிண்ணத்தில் விழுந்து, அந்த நெருப்பு சின்ன ஓட்டை வழியாக உள்ளே போய், அப்புறம்தான் வெடிக்கும். மழை பெய்தாலோ ஓட்டை அடைத்துக்கொண்டாலோ அதுவும் இல்லை.

பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். அதாவது 20 விநாடிக்கு ஒன்று.

மொட்டைமாடியிலேயே அதையும் செய்து பார்த்தோம். செய்தித்தாளில் உப்பும் கோலியும் வைத்துச் சுருட்டினோம். அந்த பிவிசி பைப்தான் குழல், திரைச்சீலைக் கம்பிதான் கோல். போனில் நேரம் வைத்தேன். முதல் முறை அவனுக்கு 70 விநாடி ஆனது. வாயெல்லாம் உப்பு, பாதி உப்பு தரையில். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு 35-க்கு வந்தான். அப்போது பார்த்து என் மனைவி கீழேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட, கோலி கைநழுவி உருண்டு ஓடியது. "கூப்பிட்டதுக்கே இப்படின்னா, எதிர்ல ஒருத்தன் சுட்டுக்கிட்டே வந்தா?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லாமல் கோலியைத் தேடினான்.

இப்போது கணக்குப் போடுங்கள். எதிரி நடையாக 80 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் உங்களால் மூன்று முறை சுடலாம். குதிரைப்படை என்றால் அதே தூரத்துக்குப் பத்து விநாடிக்குள் வந்துவிடும், ஒரு முறைதான் சுடலாம். அப்புறம் உங்கள் கையில் இருப்பது நீளமான இரும்புத் தடி மட்டும். அதன் முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தியைப் பொருத்தினால் அது ஈட்டி ஆகும். மஸ்கட் பாதி துப்பாக்கி, பாதி ஈட்டி.

மாடு விடும் விழாவில் பார்த்தது

வேலூர், திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தை மாதம் மாடு விடும் விழாவில் தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் சுவர்போல நெருக்கி நிற்கும். மாடு நடுவே பறந்து வரும். சுவர் கலையாத வரை மாடு பாட்டுக்குத் தன் பாதையில் ஓடும். பயந்து ஒருவர் விலகினால் போதும், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் விலகுவார், அங்கே ஒரு சந்து தெரியும், மாடு அந்தச் சந்துக்குள் பாயும். அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சந்தில் முதுகைக் காட்டி ஓடுகிறவர்கள்தான்.

குதிரையும் அப்படித்தான். நெருக்கமாக நீட்டிய கத்திமுனைகளின் மேல் குதிரை தானாகப் போய் விழாது, தயங்கித் திரும்பும். ஒரு இடைவெளி கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். ஆகவே சிப்பாய்க்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது சுடுவதைவிட நிற்பதைத்தான். இடது தோளும் வலது தோளும் அடுத்தவனைத் தொட வேண்டும். பக்கத்தில் ஒருவன் விழுந்தால் நெருங்கி அந்த இடத்தை அடைக்க வேண்டும். கேட்கும்போது மனிதத்தன்மை இல்லாத ஏற்பாடாகத் தெரியும், தெரியட்டும். ஆனால் விலகி ஓடுவதைவிட அதில்தான் பிழைக்க வழி அதிகம் என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

லெக்சிங்டனில் நடந்ததும் இந்தச் சந்துதான். எதிரிப் படையின் அளவைப் பார்த்ததும் பார்க்கர் தன் ஆட்களைக் கலைந்து போகச் சொன்னார். சிலர் திரும்பினார்கள், சிலருக்கு அது காதில் விழவில்லை, சிலர் அப்படியே நின்றார்கள். வரிசை வரிசையாகவும் இல்லை, முழுக்கக் கலையவும் இல்லை. அந்த நிலையில்தான் சூடு விழுந்தது. பிறகு பிரிட்டிஷ் வீரர்கள் பயனெட்டோடு பாய்ந்தார்கள். படத்தில் பையன் ஓடும் காட்சியை இப்போது மறுபடி பாருங்கள். அவனைக் கோழை என்று சொல்ல வராது. மாதக்கணக்கில் பழகியவர்களுக்கே கஷ்டமான ஒன்றை, முந்தின நாள் மாலை வரை ஏர் ஓட்டிக்கொண்டிருந்த குடும்பத்துப் பையனிடம் கேட்டிருக்கிறார்கள்.

சுருக்கமாக: மஸ்கட் மெதுவானது, அதனால் சுடாத நேரத்தில் ஆளைக் காப்பாற்ற வேறொன்று வேண்டும். அந்த வேறொன்று பக்கத்தில் நிற்கும் ஆள்.

சிவப்புச் சட்டையும் தம்பட்டமும்

"மறைஞ்சு நிக்கலைன்னாகூடப் பரவாயில்லை, பளிச்சுனு சிவப்புச் சட்டை எதுக்கு?" இது அடுத்த கேள்வி. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த அன்றைய கரிமருந்து கக்கும் புகையைத் தீபாவளி இரவில் காற்றே இல்லாத தெருவில் நின்றவர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். இரண்டு கூட்டுச்சூட்டுக்குப் பிறகு பத்தடியில் நிற்பவன் யார் என்றே தெரியாது. ஒரே நிறச் சட்டை இருந்தால்தான் நம்மவனை நாமே சுடாமல் இருக்கலாம். சத்தத்தில் வாய்க்கட்டளையும் கேட்காது, அதனால் தம்பட்டம். முன்னேறு, நில், சுடு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. பல படைகளில் தம்பட்டம் அடித்தவர்கள் சிறுவர்கள்.

ஆக, சீருடை அழகுக்காகப் போட்டது மட்டும் இல்லை. ஆளை ஆளாகப் பார்க்காமல் வரிசையின் ஓர் உறுப்பாக ஆக்கும் கருவி அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வேலூருக்கு வரும்போது தேவைப்படும்.

அப்படியானால் சுவருக்குப் பின்னால் சுட்டவர்கள்?

படத்தின் பிற்பாதியில் ஊர்ப்படை கற்சுவர்களுக்குப் பின்னாலிருந்து சுடுகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் "மறைஞ்சு சுட்டாங்க, ஜெயிச்சாங்க" என்ற இன்னொரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

அன்று நடந்தது உண்மைதான். கான்கார்டிலிருந்து பாஸ்டன் பக்கம் திரும்பும் பாதை ஏறக்குறைய நம் வேலூர்–ஆற்காடு தூரம். அவ்வளவு தூரமும் இரண்டு பக்கமும் சூடு வாங்கிக்கொண்டே பிரிட்டிஷ் படை நடந்தது. உதவிக்கு வந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,700 பேரில் 73 பேர் செத்தார்கள். ஊர்ப்படையில் 49 பேர் செத்தார்கள். நாள் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சுட்டும் இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள், அந்த பிவிசி பைப் நினைவுக்கு வரும். சுவருக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் செத்தது, பிரிட்டிஷ் பக்கவாட்டுப் பிரிவுகள் சுற்றிவந்து பின்னாலிருந்து பிடித்ததால்.

ஒளிந்து சுட்டால் போகிற படையை நோகடிக்கலாம். ஓர் ஊரைப் பிடித்து வைத்துக்கொள்ளவோ, எதிரியைச் சரணடைய வைக்கவோ அது போதாது. அமெரிக்கப் படையின் தளபதி வாஷிங்டனுக்கு இது தெரியும். 1778-ல் வேலி ஃபோர்ஜ் முகாமில் ஸ்டூபென் என்ற பிரஷ்ய அதிகாரியை வைத்துத் தன் ஆட்களுக்கு அதே வரிசைப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1781-ல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸைச் சரணடைய வைத்தது, பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நின்ற அந்தப் பழகிய படைதான்.

யார்க்டவுன் முற்றுகை தொடங்கியது 1781 செப்டம்பர் 28. அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 27 அன்று, நம் சோளிங்கரில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதிக்கொண்டிருந்தன. மலைமேல் நரசிம்மரைப் பார்க்கப் போகிறவர்கள் கீழே தெரியும் வயல்வெளியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தமிழ்ச் சிப்பாய்களும் தெலுங்குச் சிப்பாய்களும் அதே மஸ்கட்டோடு, அதே தோளோடு தோள் வரிசையில் நின்று போரிட்டது இந்தப் பக்கத்தில்தான். லெக்சிங்டனும் சோளிங்கரும் ஒரே போர்முறையின் இரண்டு முனைகள்.

கோட்டைக்குள்

யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ் 1786-ல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்தார். 1799-ல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தது கம்பெனி.

1805 நவம்பரில் மதராஸ் படைக்கு ஒரு புதிய சீருடை உத்தரவு வந்தது. பழைய தலைப்பாகை கூடாது, தோல் வைத்த புதிய தலைப்பாகை. தாடி கூடாது, மீசை ஒரே அளவு. காதில் கடுக்கன் கூடாது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயச் சின்னம் கூடாது. இதைப் பலரும் 1857-ன் கொழுப்புத் தடவிய தோட்டாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். வேலூரில் தோட்டா பிரச்சினை இல்லை, உடைதான் பிரச்சினை. வரிசைக்குள் ஒருவன் இன்னொருவனைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் கடைசியில் சிப்பாயின் நெற்றிவரை கை வைத்தார்கள்.

1806 ஜூலை 10, பின்னிரவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டையில் இருந்த 69ஆம் ரெஜிமெண்டின் ஆங்கிலேயரில் 100 பேருக்கு மேல் செத்தார்கள். கோட்டை கைக்கு வந்தது. ஆனால் அதன்பின் சிப்பாய்கள் வரிசையாக நிற்கவில்லை. அவர்களை நிறுத்தப் பழகிய அதிகாரிகள் எதிரிகளாகிவிட்டிருந்தார்கள், பலர் கஜானாவையும் வீடுகளையும் சூறையாடப் பிரிந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு காலையிலேயே வந்துவிட்டார். மதில்மேல் தோட்டா தீர்ந்து ஒட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் கயிறு விட்டு அவரை மேலே இழுத்தார்கள். அவர் செய்த முதல் காரியம், அந்தச் சிலரை ஒன்று சேர்த்து வெறும் பயனெட்டோடு மதில்மேல் பாய்ந்தது. பின்னர் பீரங்கியால் கதவை உடைத்ததும் குதிரைகள் உள்ளே புகுந்தன. சந்து சந்தாகச் சிதறி நின்றவர்களுக்குள் குதிரை புகுந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். அன்று செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர் என்று சொல்கிறார்கள்.

மறுநாள் காலை பையனைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். முதலில் மைதானத்தில் அவனை ஓரிடத்தில் நிற்கவைத்து 90 மீட்டரை அடி வைத்து அளந்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் சட்டை நிறம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். நூற்றாண்டுகளாகச் சாமி இல்லாமல் கிடந்த கோயில், 1981-ல்தான் லிங்கம் திரும்ப வந்தது. குருக்கள் கொடுத்த விபூதியைப் பட்டையாக இட்டுக்கொண்டு வெளியே வந்தவன், அகழி ஓரத்தில் நின்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

"இதையுமா மாமா அழிக்கச் சொன்னாங்க?"

"ஆமாம்டா, இதையும்தான்."

கொஞ்ச நேரம் அகழித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டை எடுத்து, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து படத்தைப் போட்டான்.